அரைக் கிலோவின் வரலாறு

மலையகத் தோட்டங்களின் வரலாற்றை எழுதியவர்கள் கப்பலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கங்காணியைப் பற்றியும் துரையைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். கொழுந்துத் தராசைப் பற்றித் தனியாக எழுதியவர்கள் குறைவு. ஆனால் தேயிலை மலையில் ஒரு பெண்ணின் ஒருநாள் உழைப்பு எண்ணாக மாறும் இடம் அந்தத் தராசுதான். சம்பளச் சட்டமும் கூட்டு ஒப்பந்தமும் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையும் அந்த எண்ணை நம்பியே நடைபெறுகின்றன. எண் பிழைத்தால் அதன்மேல் கட்டிய அனைத்தும் பிழைத்துவிடும்.

இக்கட்டுரை ஊவா மாகாணத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கப்பட்ட வரலாற்றைப் பற்றியது. இன்றைய இலத்திரனியல் தராசின் உள்ளே இருக்கும் ஒரு சிறு சுற்றுப்பலகையைப் பற்றியதுமாகும். அப்பலகையிலுள்ள நுண்சில்லை ஆங்கிலத்தில் அனலாக் டு டிஜிட்டல் கன்வெர்ட்டர் என்பார்கள். தமிழில் ஒப்புமை-இலக்க மாற்றி எனலாம். தொடர்ச்சியாக ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தருவது அதன் வேலை. இலத்திரனியலைப் பொழுதுபோக்காகக் கொண்ட இளைஞர்கள் உலகெங்கும் இத்தகைய பலகைகளைத் தம் வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கிறார்கள். அந்த விளையாட்டுக்கும் பதுளை மாவட்டத்துக் கொழுந்து மடுவத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது.

புசலும் இறாத்தலும்

ஊவா 1886ஆம் ஆண்டு தனி மாகாணமாக அமைக்கப்பட்டது. அதற்கு முன்னரே பதுளை, பசறை, மடூல்சீமை, அப்புத்தளை மலைகளில் கோப்பி வேரூன்றியிருந்தது. அந்தக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்டதும் இதே மாகாணத்து மடூல்சீமையில்தான். அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி பெரும்பாலும் மறைந்து, தேயிலை அந்த மலைகளைப் பிடித்துக்கொண்டது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். 1924இல் ரயில் பாதை பதுளையை எட்டியது.

பயிர் மாறியபோது அளவையும் மாறியது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கோப்பிப் பழம் புசலால் அளக்கப்பட்டது. புசல் ஒரு கொள்ளளவு. பெட்டி நிரம்பிவிட்டதா என்பதை அளப்பவரும் பார்க்கலாம், அளந்து கொடுப்பவரும் பார்க்கலாம். கொழுந்தை அவ்வாறு அளக்க முடியாது. தளரப் போட்டால் கூடை நிரம்பும், அமுக்கினால் பாதியாகும். ஆகவே கொழுந்துக்கு எடையே அளவை ஆயிற்று. எடைக்குத் தராசு வேண்டும். தராசுக்கு அதைப் படிப்பவர் வேண்டும். படித்ததை எழுதுபவர் வேண்டும்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. கோப்பி பருவப் பயிர். பழம் பறிப்பது ஆண்டில் சில மாத வேலை. தேயிலையோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. எனவே தராசு பருவத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளியாக இல்லாமல், லயத்து மக்களின் அன்றாட வாழ்க்கையில் நிரந்தர இடத்தைப் பெற்றது.

அக்காலத் தோட்டத்தில் கணக்கு என்பது முழுவதும் ஒரு பக்கத்தவர் கையில் இருந்தது. பெரிய கங்காணி தான் கொடுத்த முற்பணத்தைத் தன் ஏட்டில் எழுதினார். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பிய தொழிலாளி, கடன் விவரம் எழுதிய 'துண்டு' இல்லாமல் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன்பட்டவர் கடனை எழுதிய ஏட்டைப் படிக்க முடியாதவராக இருந்தார் என்பதே அந்த அமைப்பின் அச்சாணி. கொழுந்துக் கணக்கும் அதே அமைப்புக்குள்தான் பிறந்தது.

1927இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் 1929இல் முதன்முறையாக நாட்சம்பளம் விதிக்கப்பட்டது. உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைவிற்கொண்டால், அந்த 55 ஆண்டுகளின் நீளம் விளங்கும்.

மடுவத்தில் மூன்று வேளை

நாட்சம்பளத்தைச் சட்டம் எழுதிவிடுகிறது. ஆனால் அந்த நாளை ஒரு முழுப் 'பேராக' ஆக்குவது தராசு. இத்தனை கிலோ பறித்தால் முழுப் பேர். அதற்குக் குறைந்தால் அரைப் பேர். அதற்கு மேல் பறித்தால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு. இந்த விதிகள் தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறுபடும். அடிப்படை மட்டும் மாறியதில்லை. இறாத்தல் கிலோவான பின்பும், தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பின்பும், 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பின்பும் அது மாறவில்லை.

கொழுந்து பொதுவாக ஒரு நாளில் மூன்று முறை நிறுக்கப்படுகிறது: காலை, மதியம், மாலை. மலையிலிருந்து கூடையோடும் சாக்கோடும் மடுவத்துக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும். தராசில் ஏற்றி, எண்ணைச் சொல்லி, கணக்கப்பிள்ளை எழுதி, அடுத்தவர் வருவார். ஒருவருக்குச் சில வினாடிகள்தான்.

செய்தியாளனாக இருந்த காலத்தில் பதுளை மாவட்டத் தோட்டங்கள் பலவற்றுக்குச் சென்றிருக்கிறேன். லயத்து மக்கள் சொன்ன குறைகள் பல: கூரை, தண்ணீர், பாதை, பாடசாலை. ஆனால் பெண்கள் தமக்குள் பேசும்போது அடிக்கடி கேட்டது வேறொன்று. 'கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று வெட்டிவிடுகிறார்கள்' என்பது. இந்தக் கழிவைப் பற்றித் தொழிலாளரும் தொழிற்சங்கங்களும் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றனர். நிர்வாகத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. மழை நாளில் பறித்த கொழுந்தில் இலையோடு மழைநீரும் வருகிறது. கூடையின் எடையைக் கழிக்கவே வேண்டும். பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துதான் ஒரு கிலோ தேயிலை ஆகிறது. ஆகவே கழிவு இருக்கலாமா என்பதில் பெரிய விவாதமில்லை. எவ்வளவு என்பதை யார் அளந்தார், யார் பார்த்தார் என்பதே விவாதம்.

1940இல் பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் தனியிடம் பெற்றது. அங்கே தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு சபையை அமைத்தார்கள். தோட்டத்து விவகாரங்களில் தம்மையும் கலந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். சம்பள உயர்வுக் கோரிக்கையைவிட ஆழமான கோரிக்கை இது. எண் எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்கும் உரிமையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

முள் காட்டிய எடை

நீண்ட காலம் மடுவத்தில் தொங்கியது வில் தராசு. சுமைக்கேற்ப வில் நீளும் என்ற விதியை ரொபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். அந்த ஒரு விதியின் மேல்தான் வில் தராசு முழுவதும் நிற்கிறது. வில் நீள, முள் வட்டத்தில் நகர்கிறது. முள்ளுக்கு இடைவெளி கிடையாது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் நிற்கும். இதுவே ஒப்புமை அளவீடு.

முள்ளை எண்ணாக மாற்றியது மனிதக் கண். அதாவது, கணக்கப்பிள்ளையே அன்றைய ஒப்புமை-இலக்க மாற்றி. அவருடைய நுட்பம் ஒரு கிலோ, அல்லது அரைக் கிலோ. முள் 5.6இல் நின்றால் அவர் 5 என்று எழுதலாம், 6 என்றும் எழுதலாம். ஏட்டில் பின்னத்துக்கு இடமில்லாதபோது அது எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முழுப் பேருக்கு 18 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் காலையில் 5.6, மதியம் 6.7, மாலையில் 6.4 கிலோ கொண்டு வருகிறார். கூட்டினால் 18.7. முழுப் பேர் உண்டு. மேலே 700 கிராமும் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் பின்னத்தை விட்டுவிட்டு எழுதினால் 5, 6, 6; கூட்டு 17. யாரும் திருடவில்லை, தராசும் சரியாகவே இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் முழுப் பேரை இழக்கிறார்.

ஒவ்வொரு நிறுவையிலும் பின்னம் இவ்வாறு உதிர்ந்தால் சராசரி இழப்பு அரைக் கிலோ. நாளுக்கு மூன்று முறை, மாதத்துக்கு 20 நாள் என்றால் 30 கிலோ. ஆண்டுக்கு 360 கிலோ கொழுந்து. நாலரைக்கு ஒன்று என்ற விகிதத்தில் அது 80 கிலோ தேயிலை. ஒரு பெண், ஓர் ஆண்டு, வெறும் பின்னம்!

மீதியைச் சுமக்கும் கணக்கு

இனி இலத்திரனியல் தராசுக்கு வருவோம். அதன் வரலாறு மடுவத்திலிருந்து வெகு தொலைவில், சம்பந்தமே இல்லாதவைபோல் தோன்றும் இடங்களில் தொடங்குகிறது.

இரு தடைகளுக்கு இடையேயுள்ள மிகச் சிறிய வேறுபாட்டையும் காட்டக்கூடிய ஒரு மின்சுற்றைச் சாமுவேல் ஹன்ட்டர் கிறிஸ்டி 1833இல் விவரித்தார். 1843இல் சார்ள்ஸ் வீட்ஸ்டன் அதைப் பரப்பியதால் அது வீட்ஸ்டன் பாலம் என்று பெயர் பெற்றது. உலோகக் கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்பதை 1856இல் வில்லியம் தொம்சன், பின்னாளைய கெல்வின் பிரபு, காட்டினார். இந்த இரண்டையும் சேர்த்து, மெல்லிய கம்பியை உலோகத்தின்மேல் ஒட்டி அது வளைவதை அளக்கலாம் என்பதை 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிமன்ஸ், ஆர்தர் ரூஜ் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டனர். ரூஜின் நோக்கம் தராசு அல்ல. நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தாங்கி எப்படி அதிரும் என்பதை அறியவே அவர் முயன்றார். இந்தத் திரிபுமானி ஒட்டிய உலோகக் கட்டையே இன்று லோட் செல் எனப்படுகிறது. சந்தைத் தராசு முதல் லொறிகளை நிறுக்கும் பாரத் தராசு வரை எல்லாவற்றிலும் இருப்பது அதுதான்.

லோட் செல் தருவதும் ஒப்புமைதான்; முள்ளுக்குப் பதிலாக மின்னழுத்தம். அதை எண்ணாக்க வேண்டும். தொடர்ச்சியான ஒலியை எண்களாக மாற்றி அனுப்பும் முறையை 1937இல் பாரிசில் அலெக் ரீவ்ஸ் கண்டார். 1954இல் அமெரிக்காவில் பெர்னார்ட் கோர்டன் 'டேட்ராக்' என்ற மாற்றியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். வெற்றிடக் குழாய்களால் ஆனது. 11 பிட் நுட்பம். 500 வாட் மின்சாரம் உண்டது. அதன் எடை 150 இறாத்தல்! எடையை எண்ணாக மாற்றக்கூடிய பெட்டி, மடுவத்துத் தராசில் ஏற்ற முடியாத எடையோடு இருந்தது.

அதைச் சிறிதாக்கியதில் பெரும்பங்கு வகித்தது டெல்டா-சிக்மா என்ற முறை. அதன் வித்து 1954இல் பெல் ஆய்வுகூடத்தின் கட்லர் விண்ணப்பித்த காப்புரிமையில் இருந்தது. 1962இல் தோக்கியோவில் இனோசே, யசுதா, முரகாமி ஆகியோர் அம்முறையை வகுத்து வெளியிட்டு, அதற்குப் பெயரும் கொடுத்தனர்.

இந்த முறையைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் வேண்டாம். மடுவத்துக் கணக்கே போதும். முன்னர் சொன்ன பெண்ணின் கொழுந்தை மறுபடி நிறுப்போம். காலையில் 5.6, 5 என்று எழுதி, 0.6ஐ ஒரு மூலையில் குறித்து வைப்போம். மதியம் 6.7, அதோடு 0.6ஐச் சேர்த்தால் 7.3. ஏழு என்று எழுதி, 0.3ஐக் குறித்து வைப்போம். மாலையில் 6.4, சேர்த்தால் 6.7. ஆறு என்று எழுதி, 0.7ஐ நாளைக்கு வைப்போம். 5, 7, 6; கூட்டு 18. முழுப் பேர் கிடைத்துவிட்டது. எழுதியவை முழு எண்கள்தான். ஆனால் எதுவும் தொலையவில்லை. மாதம் முழுவதும் இப்படிச் செய்தாலும் கடைசியில் மிஞ்சும் பிழை ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும். முப்பது கிலோ ஆகாது.

டெல்டா-சிக்மா மாற்றி செய்வதும் இதுவே. அது எழுதுவது மிக முரட்டு எண்: ஒன்று அல்லது பூச்சியம். ஆனால் வினாடிக்குப் பல்லாயிரம் முறை எழுதுகிறது. ஒவ்வொரு முறையும் மீதியை அடுத்த முறைக்குச் சுமந்து செல்கிறது. பின்னர் எத்தனை ஒன்றுகள் வந்தன என்பதைச் சராசரியாகப் பார்த்தால் நுட்பமான எண் வெளிப்படுகிறது. கரடுமுரடான கணக்கனும் மீதியைக் கைவிடாதிருந்தால் துல்லியமான கணக்கனாகிவிடுவான் என்பதே இதன் தத்துவம். மடுவத்துக் கணக்கேட்டுக்கு இந்தத் தத்துவம் எட்டவில்லை. அதற்கு எந்த நுண்சில்லும் தேவைப்பட்டிருக்காது. ஏட்டில் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்திருந்தால் போதும்.

மேசையில் ஒரு தராசு

டேட்ராக் 150 இறாத்தலாக இருந்த வேலையை இன்று விரல் நகமளவு சில்லு செய்கிறது. சீனத்தின் சியாமென் நகரத்து ஏவியா நிறுவனத்தின் எச்.எக்ஸ். 711 தராசுக்கென்றே செய்யப்பட்ட 24 பிட் மாற்றி. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஏ.டி.எஸ். 1232, ஏ.டி.எஸ். 1256 ஆகியவை அதைவிட உயர்ந்த வகை. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுவினோ பலகையோடு இவற்றை இணைத்தால், ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் சில மாலைப் பொழுதுகளில் ஒரு தராசைச் செய்துவிடலாம்.

அப்படிச் செய்து பார்ப்பவர் முதலில் வியப்பார், பிறகு பணிவார். 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள். 50 கிலோ லோட் செல் ஒன்றுக்கு 5 வோல்ட் கொடுத்தால் முழுச் சுமைக்கும் அது திருப்பித் தருவது வெறும் 10 மில்லிவோல்ட். அதாவது ஒரு கிராமுக்கு 0.2 மைக்ரோவோல்ட். எச்.எக்ஸ். 711 சில்லு தன் 40 மில்லிவோல்ட் பரப்பைப் படிகளாகப் பிரித்தால், ஒரு படி ஏறத்தாழ 12 மில்லிகிராம். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது.

ஆனால் சில்லின் சொந்த இரைச்சலே அந்தப் படிகளில் கடைசி நான்கைந்து பிட்டுகளை விழுங்கிவிடுகிறது. தட்டில் எதுவும் இல்லாதபோதும் எண் ஒரு கிராம் அளவுக்கு அசைந்துகொண்டிருக்கும். ஈயப்பற்று வைத்த இணைப்புகளில் ஒன்று மற்றதைவிடச் சற்றே சூடானால் மைக்ரோவோல்ட் கணக்கில் மின்னழுத்தம் பிறக்கும். ஒரு மைக்ரோவோல்ட் என்பது இங்கே ஐந்து கிராம். ஆகவே பலகையை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும்; மலைக்காற்று அதன்மேல் படக்கூடாது. லோட் செல்லுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையே மாற்றியின் ஒப்பீட்டு அளவாகவும் கொடுக்க வேண்டும். அப்போதுதான் மின்கலம் தளர்ந்தாலும் இரண்டும் சேர்ந்து தளர்ந்து, எண் மாறாமல் நிற்கும். மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வடிகட்ட, வினாடிக்குப் பத்து எண்கள் என்ற மெதுவான கதியே நல்லது. இத்தனைக்கும் பிறகு லோட் செல்லின் உலோகம் சுமையின்கீழ் மெல்லத் தளர்வதாலும் அதன் நேர்கோட்டுப் பிழையாலும், சாதாரண 50 கிலோ செல்லில் 10 முதல் 25 கிராம் வரை பிழை தங்கிவிடும்.

கொழும்பில் அளவுத்திருத்தம் செய்த இலத்திரனியல் தராசை அப்புத்தளைக்குக் கொண்டு போனால் அது எடையைச் சற்றுக் குறைத்துக் காட்டும். உயரம் கூடக் கூடப் புவியீர்ப்பு குறைவதே காரணம். 20 கிலோவுக்குச் சில கிராம்தான். வில் தராசுக்கும் இந்தக் குறை உண்டு. இரு தட்டுத் தராசுக்கு இல்லை, ஏனெனில் அங்கே படிக்கல்லும் சேர்ந்தே இலேசாகிவிடுகிறது. ஆகவே தராசை அது இருக்கும் இடத்திலேயே, தெரிந்த எடையை வைத்துத் திருத்த வேண்டும்.

இந்தப் பிழைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். மாற்றியின் படி 12 மில்லிகிராம். இரைச்சல் ஒரு கிராம் அளவு. புவியீர்ப்பால் சில கிராம். செல்லின் பிழை 25 கிராம் வரை. இவற்றுக்குப் பிறகு கணக்கேட்டில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்தால், அது மாற்றியின் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகளை ஒரே பேனாக் கோட்டில் அழிப்பதாகும்.

எண்ணுக்குப் பின்னால்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெருந்தோட்டக் கம்பனிகள் சில இலத்திரனியல் தராசுகளை மலைக்குக் கொண்டு வந்திருக்கின்றன. எடை நேரே கணினிக்குப் போவதால் எழுதுவதில் தவறு நேராது என்பது அவற்றின் விளக்கம். அதில் உண்மை உண்டு. பின்னங்கள் தசமத்தோடு பதிவானால் நாம் பார்த்த அரைக் கிலோ பிழைத்துவிடும். ஆனால் நுட்பம் வேறு, நேர்மை வேறு என்பதை மேசையில் தராசு செய்த எந்த மாணவரும் சொல்வார். அவர் எழுதும் நிரலில் கடைசி வரியில் வெற்று எடையைக் கழிக்கும் கட்டளை ஒன்று உண்டு. அங்கே கூடையின் எடையாக 500 கிராம் என்றும் எழுதலாம். 2,500 கிராம் என்றும் எழுதலாம். மாற்றி இரண்டையும் ஒரே பணிவோடு ஏற்றுக்கொள்ளும். ஒளிரும் எண்ணைப் பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

வில் தராசில் ஒரு நன்மை இருந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். முள்ளை இருவரும் பார்க்கலாம். எழுத்தறியாதவரும் முள் எந்த இடத்தில் நின்றது என்று சொல்ல முடியும். கணக்கு ஏமாற்றினாலும் முள் சாட்சியாக இருந்தது. இலத்திரனியல் தராசின் முகம் எழுதுபவர் பக்கம் மட்டும் திரும்பியிருந்தால் அந்தச் சாட்சியும் போய்விடும். தொழில்நுட்பம் முன்னேறி, தொழிலாளி ஒரு படி பின்னால் தள்ளப்படுவார்.

இதன் பெறுமதியைப் பணமாகவும் பார்க்கலாம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், அதை 1,550 ஆக்கி, வருகைக்கென அரசு 200 ரூபாய் சேர்த்து 1,750 ஆக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற உயர்வுகள் இவை. மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு மூன்று கிலோ கழிவு 150 ரூபாயைக் கொண்டுபோய்விடும். அரைப் பேராகிவிட்ட நாளில் போவது பாதிச் சம்பளம். பேச்சுவார்த்தை மேசையில் பெற்றதை மடுவத்தில் இழக்க முடியும்.

சட்டம் இல்லாமலில்லை. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அளவீட்டு அலகுகளையும் நியமங்களையும் பற்றியது. வணிகத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவதற்கென ஒரு திணைக்களமே இருக்கிறது. ஆனால் முத்திரை தராசுக்குத்தான். தராசுக்குப் பிறகு நடக்கும் கழித்தலுக்கு இல்லை.

என்ன செய்யலாம்? பெரிய யோசனைகள் எதுவும் வேண்டியதில்லை. தராசின் எண் தெரியும் திரை இரு பக்கமும் இருக்க வேண்டும். மொத்த எடை, கழித்த எடை, கழித்த காரணம், மீதி எடை ஆகிய நான்கும் அச்சான சீட்டு ஒன்று பறித்தவர் கைக்கு வர வேண்டும். ஒவ்வொரு மடுவத்திலும் முத்திரையிட்ட ஐந்து கிலோப் படிக்கல் ஒன்று இருக்க வேண்டும். கேட்பவர் எவரானாலும் அதை ஏற்றிப் பார்க்க உரிமை வேண்டும். படிக்கல் இல்லாவிட்டாலும் ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோதான். இதை எந்த லயத்துப் பிள்ளையும் பாடசாலையில் படித்திருக்கும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. 2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பமும் இலத்திரனியலும் இயந்திரவியலும் இணைந்த பட்டப்படிப்புகளும் அங்கே உண்டு. லயங்களிலிருந்து படித்து மேலேறிய இளைஞர்கள் இன்று மலையகமெங்கும் இருக்கிறார்கள். ஒரு லோட் செல், ஒரு மாற்றிப் பலகை, ஒரு சிறு திரை, ஒரு மின்கலம்: மலையின் ஓரத்தில் தொழிலாளருக்கென்று தனியாக ஒரு தராசு தொங்குவதற்கு இவ்வளவுதான் வேண்டும். அந்தத் தராசு காட்டும் எண்ணுக்குச் சட்ட முத்திரை இராது. ஆனால் மடுவத்துக்குப் போகுமுன் தன் கூடையின் எடை என்ன என்று அந்தப் பெண் தெரிந்துகொண்டு போவார். தெரிந்துகொண்டு வருபவரிடம் எழுதுபவரின் பேனா சற்று நிதானிக்கும்.

தாய்மார் படங்கு கட்டி மலையேறிய அதே தோட்டத்துப் பிள்ளைகள் இந்தப் பலகையைச் செய்து முடித்தால், அவர்கள் முதலில் எழுத வேண்டிய நிரல் மிகச் சிறியது: பின்னத்தை விடாதே, அதை அடுத்த கணக்கில் சேர்.